ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகியிருக்கிறேன்: கிறிஸ்தவ அன்பு தூண்டிலாகத் தெரியாமல் சக பெண்களுக்கு எப்படிப் பணி செய்வது?

கேள்வி: பரந்தன் தங்கை

வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மெஷினில் இருந்து தைத்துக்கொண்டிருந்த என்னை இந்த வருடம் லைன் மேற்பார்வையாளராக்கியிருக்கிறார்கள். பக்கத்து மெஷினில் இருந்து என்னுடன் சோற்றுப் பார்சலைப் பகிர்ந்து சாப்பிட்டவர்கள் இப்போது என் முகத்தைப் பார்த்துப் பயந்து பயந்து லீவு கேட்கிறார்கள். அதை எப்படித் தாங்குவது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். மனதார நம்புகிறவள். பதவி கிடைத்த வாரமே எங்கள் சபையில் யோவான் 13ஆம் அதிகாரத்தில் பிரசங்கம் நடந்தது. சீடர்களின் கால்களைக் கழுவி முடித்த இயேசு, நான் உங்களுக்குச் செய்ததைப்போல நீங்களும் ஒருவருக்கொருவர் செய்யுங்கள் என்று சொல்லும் இடம். என் லைனில் உள்ள பெண்களுக்கு நானும் அப்படி இருக்க வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன். எப்படி என்பதில்தான் தடுமாற்றம்.

விசுவமடு, தர்மபுரம், வட்டக்கச்சி, பூநகரி என்று பல ஊர்களிலிருந்து கம்பனி பஸ்ஸில் வருகிறார்கள். அநேகர் சைவர்கள். தூரத்து ஊர்ப் பிள்ளைகள் விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்படுவதால் வெறும் வயிற்றோடு வருவார்கள். அவர்களுக்காக நான் கொஞ்சம் பாணும் சம்பலும் கொண்டுவரத் தொடங்கினேன். சில நாட்களில் உணவறையில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: "முதலில் பாண், பிறகு பைபிள்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அவர்களிடம் பைபிளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அன்றிலிருந்து பாண் கொண்டுபோகவும் கூச்சமாக இருக்கிறது, நிறுத்தவும் மனம் இல்லை.

இரண்டாவது விடயம் இன்னும் பாரமானது. லைனில் கொலர் பொருத்தும் இடத்தில் ஓர் அக்கா இருக்கிறார். 2009இல் இறுதிப் போரின்போது மாத்தளனில் காயப்பட்டவர். இடது முழங்கைக்குள் செல் குண்டின் துண்டு இன்னும் இருக்கிறது. கை சுத்தமான கை. அவர் பொருத்திய கொலரைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்ததில்லை. ஆனால் மதியத்துக்குப் பிறகு கை விறைத்துவிடும், வேகம் குறைந்துவிடும், அவர் முன்னால் பண்டில்கள் குவிந்துவிடும். இலக்கு எட்டாவிட்டால் முழு லைனுக்கும் ஊக்கக் கொடுப்பனவு போய்விடுகிறது. அவரை உதவியாளர் வேலைக்கு இறக்கிவிடச் சொல்லி மேலிருந்து அழுத்தம். இறக்கினால் அவருடைய சம்பளத் தரம் குறையும். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறார். அவரை அங்கேயே வைத்திருப்பது அன்பு என்று நினைக்கிறேன். ஆனால் மற்றப் பிள்ளைகளின் காசும் போகிறதே? அவர்களும் கடன்காரர்கள்தான்.

மூன்றாவது, வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கல் வருகிறது. திங்கட்கிழமை. பாதி லைன் லீவு கேட்கிறது. மற்ற லைன்களில் உள்ள கிறிஸ்தவப் பிள்ளைகளை அன்று மாற்றி எடுத்து, எங்கள் பிள்ளைகளைப் போகவிடலாம் என்று யோசித்தேன். எங்கள் சபையில் ஒருவர், அப்படிச் செய்வது விக்கிரக வழிபாட்டுக்குத் துணைபோவது என்கிறார்.

வேலைத்தலத்தில் விசுவாசத்தோடு இருப்பவர்கள், அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்தவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

பதில்: முத்தையன்கட்டு வாசி

தங்கச்சி, நான் சைவன். உங்கள் கேள்விக்கு மறுபக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த களஞ்சியத்தில் ஒரு கிறிஸ்தவ அண்ணன் இருந்தார். இருப்புப் புத்தகத்தை எப்படி எழுதுவது என்று அவர்தான் எனக்குக் கற்றுத் தந்தார். புதிதாக வந்தவனிடம் வேலையின் நுணுக்கங்களை மறைத்து வைத்துக்கொள்வது எல்லா இடத்திலும் உள்ள பழக்கம். அவர் மறைக்கவில்லை. என் அம்மா இறந்தபோது செத்தவீட்டுக்கு வந்தார். வந்து கதிரையில் இருந்துவிட்டுப் போகவில்லை. பந்தலுக்குக் கம்பு நட்டார், தண்ணீர் அள்ளினார். எட்டுச் செலவுக்கும் வந்தார், அந்தியேட்டிக்கும் வந்தார். அவர் எந்தச் சபைக்குப் போகிறார் என்பதே எனக்கு வெகுநாட்கள் தெரியாது.

இன்னொருவரும் இருந்தார். பிள்ளையின் பிறந்தநாள் என்று எங்கள் எல்லோரையும் குடும்பத்தோடு வீட்டுக்கு அழைத்தார். போனால் ஜெபக்கூட்டம். வாசலில் வைத்தே திரும்ப முடியாது, பிள்ளைகள் கூட இருந்தார்கள். முழுநேரமும் இருந்துவிட்டு வந்தோம். அதன் பிறகு அவர் தேத்தண்ணீர் வாங்கித் தந்தாலும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஜெபக்கூட்டம் என்று சொல்லியே கூப்பிட்டிருந்தால் மரியாதைக்காகவாவது போயிருப்பேன்.

பாணை நிறுத்த வேண்டாம். ஆனால் நீங்கள் ஒருவரே கொடுப்பவராக இருக்காதீர்கள். ஆளுக்கொரு நாள் முறை போட்டு எல்லோரும் கொண்டுவரும்படி செய்துவிட்டால், அந்தச் சிரித்த பிள்ளையும் ஒரு நாள் கொண்டுவருவாள். உங்கள் முறை வரும்போது நீங்களும் கொண்டுபோங்கள்.

பதில்: மாங்குளம் அக்கா

தங்கச்சி, நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விடயம் என் வாழ்க்கையின் நடுவில் இருக்கும் விடயம்.

நான் கத்தோலிக்கப் பெண். மீள்குடியேறிய பிறகு கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனேன். முதலில் நானும் வெயிலில் முழங்காலில் இருந்து நிலத்தைக் கிளறியவள்தான். பிறகு ஒரு குழுவுக்குப் பொறுப்பாக்கினார்கள். கூடுதலான காலம் முகமாலையில். வருடக்கணக்காக முன்னரங்கு நின்ற மண் அது. ஒரு வரிசை வெடிகளை எடுத்து முடித்தால் பக்கத்தில் இன்னொரு வரிசை இருக்கும். 2017 டிசம்பரில் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தபோது வானொலியில் பெரிதாகச் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகள் மறுநாளும் அதே முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு அதே மண்ணில் முழங்காலிட்டார்கள். குழுவில் அநேகர் பெண்கள். கணவனை இழந்தவர்கள், கணவன் எங்கே என்று தெரியாதவர்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள் அல்லவா, அந்தக் கொட்டகையில் தங்கள் அம்மாவை இருத்திவிட்டு வேலைக்கு வந்த பிள்ளைகள் என் குழுவில் இருந்தார்கள்.

முதலில் அந்தப் பாண் கதை. அப்படிச் சொன்ன பெண்மேல் கோபப்படாதீர்கள். உங்களைத் துன்புறுத்துகிறாள் என்றும் நினைக்காதீர்கள். போர் முடிந்தபோது செட்டிகுளத்து முகாம்களில் முள்வேலிக்குள் இருந்த சனம் நாங்கள். கையில் ஒன்றும் இல்லாத நேரத்தில் யார் எதைத் தந்தார்கள், தரும்போது என்ன கேட்டார்கள் என்பது மறக்காது. ஒன்றும் கேட்காமல் தந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் நிபந்தனையோடு நீட்டிய ஒரு கைதான் மனதில் தங்கிவிடுகிறது. அவள் உண்மையில் கேட்பது "இதற்கு விலை என்ன?" என்று. விலை இல்லை என்று வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது. வருடங்கள் போக வேண்டும். அவள் சாகும்வரை சைவப் பெண்ணாகவே இருந்து, உங்கள் சபை வாசலை மிதிக்காமலே போனாலும், நீங்கள் அவளுக்குச் செய்வதில் ஒரு குறையும் வரக்கூடாது. அதற்கு உங்கள் மனம் சம்மதிக்கிறதா என்று ஜெபத்தில் கேட்டுப் பாருங்கள். சம்மதித்தால் கூச்சம் தானாகப் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் புனித யோசேப் வாஸ் அடிகளை வைத்துத்தான் இதை நான் விளங்கிக்கொண்டேன். 1697இல் கண்டியில் அம்மைநோய் பரவியபோது, சொந்தக்காரரே விட்டு ஓடிய நோயாளிகளை அவர் மதம் பார்க்காமல் பராமரித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலையில் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டு, அன்று பிற்பகலே திருத்தந்தை பிரான்சிஸ் மடு மாதா கோவிலுக்கு வந்தார். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். மடுவில் எப்போதும் போல அன்றும் சைவச் சனம் எங்களுடன் கலந்து நின்றது. ஒருவரும் ஒருவரையும் நீ யார் என்று கேட்கவில்லை.

இனி அந்தக் கொலர் அக்கா. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

மத்தேயு 20இல் திராட்சைத் தோட்டத்துக்காரர் கதையை நீங்கள் அறிவீர்கள். காலையில் வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தார். வேகம் குறைந்தவர்களுக்கு இரங்கச் சொல்லி அந்தக் கதையை நிறையப் பேர் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கடைசியில் வந்தவனுக்குக் கொடுத்த பணம் தோட்டக்காரருடைய சொந்தப் பணம். முதலில் வந்தவர்களின் கூலியில் ஒரு சதமும் அவர் வெட்டவில்லை. பேசிய கூலியை அவர்களுக்கு முழுதாகக் கொடுத்தார். அதனால்தான், என்னுடையதை நான் விரும்பியபடி கொடுக்கக்கூடாதா என்று அவரால் கேட்க முடிந்தது. நீங்கள் அந்த அக்காவை அதே இடத்தில் அப்படியே வைத்திருந்து, மற்றப் பிள்ளைகளின் ஊக்கக் கொடுப்பனவு போனால், அடுத்தவர் பணத்தில் தருமம் செய்தவராகிவிடுவீர்கள். அந்தப் பிள்ளைகள் அக்காவையும் வெறுப்பார்கள். அக்காவுக்கும் அது தெரியும்; தன்னால் பத்துப் பேருக்குக் காசு போகிறது என்ற பாரத்தோடு அவர் கொலர் தைப்பார்.

ஆகவே செலவு உங்கள் பக்கத்திலிருந்து வரவேண்டும். உங்களிடம் என்ன இருக்கிறது? யாரை எந்த மெஷினில் இருத்துவது என்ற அதிகாரம் இருக்கிறது. மேலே போய்ப் பேசும் உரிமை இருக்கிறது. நல்ல மேற்பார்வையாளர் என்று நீங்கள் இப்போதுதான் சம்பாதிக்கத் தொடங்கியிருக்கும் பெயர் இருக்கிறது. அதைச் செலவழியுங்கள். அக்காவின் தரம் குறையாமல், லைனின் இலக்கும் குறையாமல் ஒரு வழி கண்டுபிடிக்கும்வரை மேலிடத்தோடு மல்லுக்கட்டுங்கள். முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பை நீங்கள் வாங்கிக்கொள்வதுதான் அந்த அக்காவின் காலைக் கழுவுவது.

அடுத்தது, உதவியை வெட்கமாக்காமல் செய்வது. ரூத் 2ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். வெளியூரிலிருந்து வந்த ஏழை விதவை கதிர் பொறுக்க வருகிறாள். வயல்காரர் போவாஸ் தன் ஆட்களிடம், கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவி விட்டுவிடுங்கள், அவள் பொறுக்கட்டும், அவளை அதட்டாதீர்கள் என்கிறார். மூட்டையாகக் கட்டி எல்லோர் முன்னாலும் நீட்டவில்லை. தன் உழைப்பால் பெற்றேன் என்று அவள் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போகும்படி செய்தார். இந்த வன்னியில் அரிவாளால் வெட்டிய காலத்தில் வயலில் கதிர் பொறுக்கிய பெண்களை என் அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது இயந்திரம் வெட்டுவதால் பிள்ளைகளுக்கு அது விளங்காது.

எங்கள் வேலையில் நான் செய்ததைச் சொல்கிறேன். குழுவில் ஒவ்வொருவரின் இரத்தப் பிரிவும் எனக்கு மனப்பாடம். அது வேலையின் விதி. காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒத்திகை அடிக்கடி நடக்கும், அதுவும் விதி. அதோடு நான் கூட்டிக்கொண்டது, யாருக்கு எந்தத் திகதி பாரமான திகதி என்பதை. கணவனைக் கடைசியாகப் பார்த்த நாள், பிள்ளை போன நாள். அந்த நாளில் ஒருத்தியை நிலத்தில் முழங்காலிட விடமாட்டேன். வானொலித் தொடர்பிலோ பதிவேட்டிலோ இருத்துவேன். காரணம் சொல்லமாட்டேன், அன்றைய வேலைப் பங்கீட்டில் பெயர் அங்கே இருக்கும், அவ்வளவுதான். எங்கள் வேலையில் மனம் சிதறினால் உயிர் போகும் என்பதால் இது அன்பும்தான், பாதுகாப்பும்தான். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 அன்று உங்கள் லைனில் எத்தனை பேர் எந்த மனதோடு ஊசிக்கு முன்னால் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வேகமாகச் செய்பவளை எல்லோர் முன்னாலும் புகழ்ந்ததில்லை. புகழ்ந்தால் மற்றவளும் அவசரப்படுவாள். எத்தனை சதுர மீட்டர் முடிந்தது என்று மேலே கேட்டு, குறைவு என்று சத்தம் வந்தால், "மெதுவாகச் செய்யச் சொன்னது நான்" என்பேன். எந்தப் பிள்ளையின் பெயரும் அந்த இடத்தில் என் வாயிலிருந்து வராது. அவர்கள் முடித்த நிலத்தை நானே திரும்பவும் சரிபார்ப்பேன். பிழை இருந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்வேன். அன்பு என்று சொல்லிப் பிழையை விட்டுவிட்டால் நாளைக்கு அந்த நிலத்தில் ஒரு பிள்ளை ஓடும். உங்கள் லைனிலும் பிழையான தையலைக் கண்டும் காணாமல் விடாதீர்கள். அது அவளுக்குச் செய்யும் நன்மையே அல்ல.

தொழிற்சாலைகளில் கத்திக் கத்தி வேலை வாங்குவார்கள் என்று கேள்விப்படுகிறேன். எபேசியர் 6:9 எசமான்களுக்கு எழுதப்பட்டது. பயமுறுத்துவதை விட்டுவிடுங்கள், உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே எசமான் பரலோகத்தில் இருக்கிறார், அவரிடம் பட்சபாதம் இல்லை என்று பவுல் எழுதுகிறார். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் அந்த வசனம் உங்களுக்குத்தான். நீங்கள் கத்தாமல் இலக்கை எட்டிக் காட்டுவது பக்கத்து லைன் பிள்ளைகளுக்கும் விடுதலை.

வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தாராளமாகப் போகவிடுங்கள். உங்கள் தொழிற்சாலையில் பெரிய வெள்ளிக்கு லீவு உண்டா? இல்லையென்றால் அன்று உங்களுக்காக மெஷினில் இருக்கப்போவது யார்? அந்தச் சைவப் பிள்ளைகள்தான். அவர்கள் உங்கள் விசுவாசத்துக்குத் துணைபோகிறார்கள் என்று அவர்கள் கோவிலில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. தென்பக்கம் போகும் நாட்களில் எங்கள் வாகனம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். பிள்ளைகள் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு வருவார்கள். நான் இறங்குவதில்லை. இருந்த இடத்தில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி மனதுக்குள் செபிப்பேன். அவர்கள் விபூதியோடு ஏறுவார்கள், கச்சான் பையை எனக்கும் நீட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு நெருடலும் இருந்ததில்லை.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும் வரும். நுண்கடன் கட்டும் நாளில் உங்களிடம் கைமாற்றுக் கேட்பார்கள். மேற்பார்வையாளராக இருந்துகொண்டு உங்களுக்குக் கீழே உள்ளவருக்குக் கடன் கொடுக்காதீர்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாதவளாகிவிடுவாள், நீங்களும் அவளைக் கண்டிக்க முடியாதவராகிவிடுவீர்கள். முடிந்தால் திரும்பிவர வேண்டாம் என்று கொடுங்கள், யாருக்கும் தெரியாமல். இல்லையென்றால் அந்தக் கடன் பத்திரத்தை அவளோடு இருந்து வாசியுங்கள். வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்று ஒற்றையில் எழுதிக் காட்டுங்கள். அவளுடைய ஊரில் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு சனிக்கிழமை போகும். போகட்டும்.

பதில்: வவுனியா மெக்கானிக்

எனக்கு வேதம் பெரிதாகத் தெரியாது, மெஷின் தெரியும். கொலர் பொருத்தும் இடத்தில் ஏன் கை விறைக்கிறது? முழுச் சட்டையின் உடல் பாகமும் இடது பக்கம் தொங்குகிறது. தைக்கும் நேரமெல்லாம் அந்தப் பாரத்தை இடது கை பிடித்துத் திருப்ப வேண்டும். மெஷின் மேசைக்கு இடது பக்கத்தில் ஒரு பலகை நீட்டிக் கொடுத்தால் துணி அதில் கிடக்கும், கைக்குப் பாரம் இல்லை. தச்சு வேலை தெரிந்த எந்த மெக்கானிக்கும் அரை நாளில் செய்துவிடுவார். கதிரையின் உயரத்தையும் பாருங்கள். முழங்கை மேசையை விடத் தாழ்ந்து இருந்தால் தோள் வரை வலிக்கும். நூல் தானாக வெட்டும் மெஷின் சும்மா நிற்கிறதென்றால் அதை அவருக்குக் கேளுங்கள்.

அதுவும் சரிவராவிட்டால் பட்டன்ஹோல், அதாவது பொத்தான் துளை தைக்கும் மெஷின். துணியை வைத்துப் பெடலை மிதித்தால் மெஷின் தன்பாட்டில் தைத்துவிடும், திருப்பும் வேலை இல்லை. ஆனால் மாற்றுவதற்கு முன் தரமும் சம்பளமும் குறையாது என்று மனிதவளப் பிரிவில் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். காலையில் கொலர், மதியத்துக்குப் பிறகு பட்டன்ஹோல் என்று இன்னொரு பிள்ளையோடு மாற்றி இருத்தினால் இன்னும் நல்லது. இரண்டு பேரும் இரண்டு வேலை பழகுவார்கள், யாராவது லீவு எடுத்தாலும் லைன் நிற்காது. வேலை நேரத்தையும் இலக்கையும் கணக்கிடும் வேர்க் ஸ்டடிப் பிரிவிடம் கருணை கேட்டுப் போகாதீர்கள், இந்தக் கணக்கோடு போங்கள்.

இன்னொன்று. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மாருக்குப் பாலூட்டும் இடைவேளை நாளுக்கு இரண்டு, சட்டத்தில் உண்டு. 84 நாள் பிரசவ லீவும் உண்டு. சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம், கம்பனியிடமிருந்து 12 வீதம். இவற்றை உங்கள் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இவை அவர்களின் உரிமை. நீங்கள் உபகாரம் செய்வதுபோல் கொடுத்தால் அதுவும் ஒரு பிழைதான்.

கேள்வி கேட்டவர்: பரந்தன் தங்கை

எல்லோருக்கும் நன்றி. அக்கா, அந்தத் திராட்சைத் தோட்டக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். பணம் யாருடையது என்று யோசித்ததில்லை. மெக்கானிக் அண்ணா சொன்ன பலகை விடயத்தை நாளைக்கே எங்கள் மெக்கானிக்கிடம் சொல்கிறேன். பாணுக்கு முறை போடுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இப்படியெல்லாம் செய்துகொண்டு போகும்போது யாராவது தாங்களாகவே வந்து "ஏன் இப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால்? அப்போதும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? அது என் ஆண்டவரை மறைப்பதுபோல் இருக்காதா?

பதில்: மாங்குளம் அக்கா

மறைக்க வேண்டாம். கேட்டவளுக்கு உண்மையைச் சொல்லுங்கள்: "நான் இயேசுவை நம்புகிறேன், அவர் இப்படித்தான் இருந்தார்." நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்று 1 பேதுரு 3:15இல் இருக்கிறது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். கேட்காத இரண்டாவது கேள்விக்குப் போகாதீர்கள்.

ஆனால் லைனில் நின்று சொல்லாதீர்கள். அங்கே அவளுடைய லீவும் தரமும் உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் பேசும்போது அவள் எழுந்து போக முடியாது, தலையாட்டத்தான் முடியும். அப்படி வாங்கிய தலையாட்டலால் ஆண்டவருக்கு என்ன மகிமை? பஸ் தரிப்பிடத்திலோ அவள் வீட்டு முற்றத்திலோ, அவள் விரும்பினால் பேச்சை மாற்றக்கூடிய இடத்தில் சொல்லுங்கள். அவள் பேச்சை மாற்றினால் நீங்களும் சந்தோசமாக மாற்றிவிடுங்கள். மறுநாள் அவளிடம் ஒரு துளி வித்தியாசமும் காட்டாதீர்கள். எங்கள் குழுவில் என்னிடம் அப்படிக் கேட்ட பிள்ளைகள் உண்டு. ஒருத்தி பிறகு என்னுடன் மடுவுக்கு வந்தாள், மாதாவிடம் மெழுகுதிரி கொளுத்தினாள், இன்றும் அவள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறாள். அவள்தான் எனக்குக் காய்ச்சல் வந்தபோது வந்து சமைத்துத் தந்தவள்.

இன்னொன்று மறந்துபோனேன். அந்தப் பலகை, பட்டன்ஹோல், மாறி மாறி இருத்துவது எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் போவதற்கு முன் அந்த அக்காவிடம் சொல்லுங்கள். தன் கையைப் பற்றி மற்றவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள் என்று அவர் கடைசியாக அறியக்கூடாது. கொலர் பொருத்துவது அவர் பெருமையாக நினைக்கும் வேலையாக இருக்கலாம். விட விருப்பமில்லை என்றால் பலகையோடு நிறுத்திக்கொண்டு, மதியத்துக்குப் பிறகு பக்கத்தில் ஒரு பிள்ளையை அவரிடம் வேலை பழக இருத்துங்கள். அந்தப் பிள்ளைக்குக் கற்பிப்பவர் அவர் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும்படி சொல்லுங்கள்.